வாப்பாவை டீசன்ட் ஆக்கிய வெள்ளிக்கிழமை

அன்றைக்கு எங்கள் ஹோலுக்குள் கேட்ட ஒரே சத்தம், கரண்டி பீங்கானில் படுகிற சத்தம்தான். டிங். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு டிங்.

நானும் உம்மாவும் கதவுச் சீலைக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். ஜும்ஆத் தொழுகை முடிந்து, எனக்குக் கலியாணம் பேச மருதமுனையில் இருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா, நாலு கைத்தறி வைத்து நடத்துகிற ஹாஜியார். அவருடைய தம்பி. சம்பந்தத்தைக் கொண்டுவந்த தரகர், அண்ணன் முறையில் எல்லாருக்கும் தரகர் காக்கா. எதிரே என் வாப்பா. வாப்பாவுக்குப் பக்கத்தில், உம்மாவின் தம்பியான என் கச்சேரி மாமா.

நெய்ச்சோற்று வாசம் வேலியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஹோலுக்குள் ஒரு பேச்சும் இல்லை.

“என்ன புள்ள, ஒருத்தரும் கதைக்கிறாங்க இல்ல?” என்று உம்மா என் காதுக்குள் கேட்டார்.

“டீசன்டா இரிக்காங்க உம்மா” என்றேன் நான், பெரிய பெருமையோடு.

அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

கதிரை போட்டு உட்கார்ந்த சொல்

இந்த டீசன்ட் என்ற இங்கிலிஷ் சொல் கிழக்கிலங்கையில் எங்கள் கல்முனைப் பக்கம் எந்த பஸ்ஸில் வந்து இறங்கியது என்று எனக்குத் தெரியாது. எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய காலத்தில் அது வீட்டுக்கு வீடு கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டது.

தையல்காரர் “டீசன்டாத் தச்சுத் தாறன்” என்பார். சொன்ன நாளில் தரமாட்டார், அது வேறு விசயம். பஸ் கொண்டக்டர் “டீசன்டா ஏறுங்க, டீசன்டா ஏறுங்க” என்று கத்திக்கொண்டே ஒருவர் மடியில் ஒருவரை ஏற்றுவார். மாட்டுத் தரகர் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துவிட்டு, “டீசன்டான மாடு காக்கா, கண்ண மூடிட்டு வாங்குங்க” என்பார். கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

மனிதர் என்று வரும்போது மட்டும் ஊர் இந்தச் சொல்லை மிகக் கறாராகப் பாவித்தது. களிசான் என்கிற நீளக் காற்சட்டை போட்டவன் டீசன்ட். சாரம் உடுத்தவன் பெருநாளைக்கு மட்டும் டீசன்ட். மெதுவாகக் கதைக்கிறவன் டீசன்ட். கொஞ்சமாகத் தின்கிறவன் அதைவிட டீசன்ட். ஒன்றுமே தின்னாமல் “வேணா, வேணா” என்று கையைக் காட்டுகிறவன் இருக்கிறானே, கலியாணச் சந்தையில் அவனுக்குத்தான் முதலிடம்.

நான் இங்கிலிஷ் டீச்சர். முதல் நியமனம் இறக்காமம் என்ற வயல் ஊரில். என்னிடம் ஒரு தடித்த அகராதி இருந்தது. அதில் இந்தச் சொல்லுக்குக் கண்ணியமான, தகுந்த, அடுத்தவர் மனம் கோணாத என்றெல்லாம் போட்டிருந்தது. களிசானைப் பற்றியும் கரண்டியைப் பற்றியும் ஒரு வரிகூட இல்லை.

ஒரு நாள் வகுப்பில் இந்தச் சொல்லை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னேன். ஒரு பிள்ளை எழுதியது: “எங்கள் வயலுக்கு வந்த யானை டீசன்டான யானை. ஒரு மூலையை மட்டும் தின்றுவிட்டுப் போய்விட்டது.” நான் சரி போட்டேன். இவ்வளவு காலம் படிப்பித்தும் அதைவிட நல்ல வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை.

அகராதி ஒன்று சொல்ல, ஊர் இன்னொன்று சொல்ல, நான் வெட்கமில்லாமல் ஊர்ப் பக்கம் சாய்ந்தேன். அதற்குக் காரணம் என் வாப்பாவின் தொண்டை.

சத்தப் போடியார்

வாப்பா வயல்காரர். காணி பூமி உள்ள வயல்காரரைப் போடியார் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் என் வாப்பாவை ஊர் சும்மா போடியார் என்று சொல்வதில்லை. சத்தப் போடியார் என்றுதான் சொல்லும்.

வயல்வெளியான வட்டையின் இந்த மூலையில் வாப்பா நின்று “தண்ணிய மறிடா!” என்றால், அந்த மூலையில் இருப்பவன் வாய்க்காலை அடைப்பதற்கு முன்னால் பக்கத்து வயல்காரன் தன் தண்ணீரை மறித்துவிடுவான். அவர் இரகசியம் சொன்னால் சந்தை வரைக்கும் போகும். சலாம் சொன்னால் முற்றத்துக் கோழிகள் ஒதுங்கும். எல்லாம் அன்பான சத்தம்தான், ஒரு நாளும் கோபத்தில் கத்தியதில்லை. கோபம் வந்தால் மனிதர் பேசாமல் எழும்பிப் போய்விடுவார்.

நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போய் விடுதியில் இருந்த காலத்தில் ஒரு தரம் என்னைப் பார்க்க வந்தார். காவலாளியிடம் சொல்லி அனுப்பலாம்தானே? இல்லை. கேற்றடியில் நின்றபடியே என் பெயரைச் சொல்லி, “மகள்! தயிர் கொண்டு வந்திரிக்கன்! புளிக்க முந்தித் தின்னு!” என்று ஒரு குரல் விட்டார். மூன்று மாடிக் கட்டடத்தில் எல்லா யன்னலும் திறந்தன.

தயிரை விடுதியில் இருந்த அத்தனை பெட்டைகளும் சேர்ந்து வழித்துத் தின்றார்கள். தின்றுவிட்டு ஒரு மாதம் முழுக்க, “மகள்! புளிக்க முந்தித் தின்னு!” என்று என்னைக் கேலி பண்ணினார்கள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. வாப்பா மேல்தான் கோபம் வந்தது, அவர்கள் மேல் வரவில்லை. அந்த வயது அப்படி.

சேற்றில் விழுந்த ஓவசியர்

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லவில்லையே. வாய்க்கால் வேலைகளைப் பார்க்கிற ஓவசியர். நான் இறக்காமத்துக்குப் போகிற பஸ்ஸில்தான் அவரும் போவார். அந்த பஸ் போகிற நேரத்தைவிட நிற்கிற நேரம் கூட.

மாரி காலத்தில் ஒரு நாள் பஸ் சேற்றில் இறுகிவிட்டது. ஆம்பிளைகள் இறங்கித் தள்ளினார்கள். பஸ் திடீரென்று கிளம்ப, பின்னால் நின்று தள்ளிய ஓவசியர் வெள்ளைச் சேர்ட்டோடு குப்புற விழுந்தார். பஸ்ஸே சிரித்தது. எழும்பித் தன்னைத் தானே பார்த்துவிட்டு, எல்லாரையும்விடக் கூடச் சிரித்தவர் அவர்தான். வாயைத் திறந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இந்த மனிசன்தான் எனக்கு வேண்டும் என்று நான் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். அல்லாஹ் மன்னிக்க வேண்டும். ஒருத்தருக்கும் சொல்லவில்லை, ஒரு சொல் கதைத்ததும் இல்லை. கொஞ்ச மாதம் போக, தரகர் காக்கா தானாக வந்து அதே ஓவசியரின் பெயரைச் சொன்னபோது குசினிக்குள் என் கையில் இருந்த அகப்பை விழுந்துவிட்டது. எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. இந்தச் சம்பந்தம் மட்டும் கைகூட வேண்டும்.

சேற்றில் விழுந்து சிரிப்பவனை விரும்பிய நான், அவனுடைய வாப்பா வருகிறார் என்றதும் என் வாப்பாவை டீசன்ட் ஆக்கப் பார்த்தேன். புத்தியைப் பாருங்கள்.

மாமாவின் சட்டங்கள்

கச்சேரி மாமா அம்பாறைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர் உத்தியோகம் பார்த்தவர். வருடத்தில் இரண்டு தரம் பெரிய துரைமாரோடு ஒரே மேசையில் இருந்து தின்றவர். அதனால் எங்கள் குடும்பத்தில் டீசன்ட் இலாகா முழுவதும் அவர் கையில் இருந்தது.

“மச்சான், பாய் வேணா, மேசை கதிரை போடுவம்” என்று தொடங்கினார். “சஹன் கூடவே கூடா. ஆளுக்கொரு பீங்கான். கரண்டி.”

சஹன் என்பது நாலைந்து பேர் சுற்றி இருந்து ஒன்றாகத் தின்கிற பெரிய தட்டு. அதில் தின்றால்தான் வாப்பாவுக்குத் தின்ற மாதிரி இருக்கும்.

“தின்னுங்க எண்டு சொல்லக் கூடா. சாப்பிடுங்க எண்டு சொல்லணும்” என்றார் மாமா. “மறுகா, முக்கியமான விசயம் ஒண்டு. ‘வைங்க, வைங்க’ எண்டு சோத்த அள்ளிக் கொட்டப்படாது. அவங்களாக் கேட்டா மட்டும் குடுக்கணும். அதுதான் டீசன்ட்.”

“கேட்டு வாங்கித் தின்ன அவங்க என்ன, கடைக்கா வாறாங்க?” என்றார் வாப்பா.

“மச்சான், காலம் மாறிப்போச்சு. உங்கட மகள் டீச்சர்.”

வாப்பா தலையைச் சொறிந்தார்.

மாமா போட்ட சட்டங்கள் அத்தோடு முடிந்தன. மிச்சத்தைப் போட்டவள் நான். குசினிக்குள் போய் உம்மாவிடம், “வாப்பாவ அண்டைக்கு மட்டும் வாயத் தொறக்காம இரிக்கச் சொல்லுங்க உம்மா. அவர்ர சத்தத்தக் கேட்டா அவங்க என்ன நினைப்பாங்க? எனக்கு வெக்கமாக் கிடக்கு” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

உம்மா சட்டியைத் துலக்கிக்கொண்டே, “சொல்லிப் பாக்கன்” என்றார்.

இரண்டு டீசன்ட் மோதினால்

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

வாப்பா வாயைத் திறக்கவில்லை. சலாத்துக்குப் பதில் சொன்னார், கதிரையைக் காட்டினார், அவ்வளவுதான். ஹாஜியார் மழையைப் பற்றிக் கேட்டார். “ஓம்” என்றார் வாப்பா. விளைச்சலைப் பற்றிக் கேட்டார். “பரவாயில்ல” என்றார். விளைச்சலைப் பற்றி ஒரு சொல்லில் பதில் சொல்லும் வயல்காரனை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா?

ஹாஜியார் முதல் தரம் வைத்த சோற்றை முடித்தார். கரண்டியை வைத்தார். காத்திருந்தார். பீங்கான் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

எங்கள் பக்கத்து விருந்தாளி ஒரு நாளும் கேட்டு வாங்கமாட்டார். வீட்டுக்காரர் வைக்க வேண்டும். விருந்தாளி வேண்டாம் என்று கையால் பீங்கானை மறைக்க வேண்டும். மறைத்த கைக்கு மேலேயே சோற்றைப் போட வேண்டும். அவர் ஏச வேண்டும், ஏசிக்கொண்டே தின்ன வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் விருந்து விருந்தில்லை. அவர்கள் கேட்கமாட்டார்கள், நாங்கள் கொடுக்கமாட்டோம். நடுவில் ஒரு தாச்சி நெய்ச்சோறு ஆறிக்கொண்டிருந்தது.

“போதுந்தானே?” என்றார் கச்சேரி மாமா, அழகான உத்தியோகக் குரலில்.

ஹாஜியார் அவரைப் பார்த்தார். பிறகு வாப்பாவைப் பார்த்தார். வாப்பா மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அல்ஹம்துலில்லாஹ், போதும்” என்று ஹாஜியார் எழும்பிவிட்டார். கோழிப் பொரியல் மூடியபடி இருந்தது. தயிர் முட்டிகள் குசினியை விட்டு வெளியே வரவே இல்லை.

அவர்கள் போனதும் மாமா உள்ளே வந்து, “எப்படி? துரைமார் விருந்து தோத்துப்போகும்!” என்றார். நான் துள்ளிக் குதிக்காத குறை.

தரகர் காக்கா கொண்டுவந்த சேதி

மூன்று நாள் ஒரு சேதியும் இல்லை. நாலாம் நாள் தரகர் காக்கா வந்தார். முற்றத்தில் நின்றபடியே கதைத்தார். கதிரையைப் போட்டோம், உட்காரவில்லை.

“போடியார், புள்ளயக் குடுக்க விருப்பமில்லாட்டி வாயால ஒரு சொல் சொல்லியிரிக்கலாமே. மூணு மனிசர அரை வயித்தோட அனுப்பத் தேவையில்லதானே?”

“ஆரு விருப்பமில்ல எண்ட?” என்றார் உம்மா பதறிப்போய்.

“சோத்த வெச்சிப்போட்டு ‘போதுந்தானே’ எண்டு கேட்டா என்ன அர்த்தம்? எழும்பிப் போ எண்டுதானே அர்த்தம்? ஹாஜியார் வேற இடம் பாக்கச் சொல்லிட்டார். சாய்ந்தமருதில ஒரு இடம் கிடக்காம்.”

எனக்குச் சாய்ந்தமருதுக்காரி யாரென்று தெரியாமலே அவள் மேல் ஒரு வெறுப்பு வந்தது.

கச்சேரி மாமாவுக்கு ஆளனுப்பினோம். வந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப அவங்க டீசன்டான ஆக்கள் இல்ல. போனாப் போகட்டும்” என்றாரே பார்க்கலாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருக்கென்று ஊற்றிய தேத்தண்ணியை நானே குடித்துவிட்டேன்.

வாப்பா எழும்பினார். சாரத்தை மடித்துக் கட்டினார். குசினிக்குள் போய் அன்றைக்குப் புதிதாக உறைந்த ஆறு தயிர் முட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தார். “ஆதம்பாவா! மெசின எடு!” என்றார். நாலு நாளைக்குப் பிறகு அந்தச் சத்தம் எங்கள் வளவில் கேட்டது.

தறிகள் நின்ற இடம்

உழவு மெசின் என்கிற எங்கள் டிராக்டரை ஓட்டுகிற ஆதம்பாவா திரும்பி வந்து சொன்னதைத்தான் சொல்கிறேன். சில்லெல்லாம் வயல் சேறு. பின்னால் இழுத்த பெட்டிக்குள் வைக்கோல் போட்டு ஆறு முட்டி தயிர். அந்தக் கோலத்தில் மருதமுனைக்குள் போய் ஹாஜியாரின் வாசல் கடப்படியில் நிறுத்தினார்களாம். உள்ளே நாலு தறியும் டக்கு டக்கென்று ஓடிக்கொண்டிருந்ததாம்.

வாப்பா மெசினை விட்டு இறங்காமலே, “ஹாஜியார்! அண்டைக்கு எங்கட ஊட்ட இரிந்து அரை வயித்தோட போனீங்களாம்! அந்தப் பாவத்தக் கழுவ வந்திரிக்கன்! இண்டைக்கு உங்கட ஊட்ட நான் தின்னாமப் போகமாட்டன்! சோறு வைங்க!” என்றாராம்.

நாலு தறியும் ஒரே நேரத்தில் நின்றன என்றான் ஆதம்பாவா. பக்கத்து வீட்டுத் தறிகளும் நின்றனவாம். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பான்.

ஹாஜியார் வெளியே வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாராம்: “இந்தச் சத்தம் அண்டைக்கு எங்க போன?”

“மகள்ட விசயம் ஹாஜியார். கொஞ்சம் டீசன்டா நடந்து பாத்தன். பழக்கமில்ல, பிழைச்சிப்போச்சு.”

ஹாஜியார் விழுந்து விழுந்து சிரித்தாராம். பிறகு கையைப் பிடித்து இறக்கினாராம்.

“எங்கட மகன் கலியாணம் முடிச்சி வந்து காலம் முழுக்க இரிக்கப்போறது உங்கட ஊட்ட. மாமனார் ஊமையன் மாதிரி இரிந்தா அவன் எப்பிடிச் சீவிக்கிற எண்டுதான் நான் பயந்த. வாங்க, தின்னுவம்” என்றாராம்.

எங்கள் பக்கத்தில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். ஒரு நாள் விருந்துக்கு நாங்கள் போட்ட வேசத்தை அந்த மனிதர் மகனின் ஆயுள் முழுக்க நீட்டிப் பார்த்துப் பயந்திருக்கிறார். இங்கிலிஷ் படித்த எனக்கும் கச்சேரியில் இருந்த மாமாவுக்கும் இது தோன்றவில்லை. வாப்பாவும் ஹாஜியாரும் ஒரே சஹனில் தின்றார்களாம். வாப்பா மூன்று தரம் வேண்டாம் என்றாராம், மூன்று தரமும் கைக்கு மேலே சோறு விழுந்ததாம்.

கிணற்றடி

அஸர் தொழுகைக்கு முன்னால் வாப்பா வந்துவிட்டார். “வாற வெள்ளி திரும்பவும் வாறாங்க” என்று உம்மாவிடம் சொல்லிவிட்டுக் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார். நான் சந்தோசத்தில் ஓடிப்போய் வாளியை எடுத்துத் தண்ணீர் ஊற்றினேன்.

“மகள், அந்த டீசன்டுக்குத் தமிழ்ல என்ன?” என்று கேட்டார்.

“கண்ணியம் வாப்பா.”

“கண்ணியமா?” என்றார். காலைத் தேய்த்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். “அது நம்மகிட்ட இல்லாமயா இவ்வளவு நாளும் இரிந்த?”

நான் இன்னொரு வாளி தண்ணீர் அள்ளி ஊற்றினேன்.

“மாமா சொல்லி நான் வாய மூடுவனா புள்ள? குசினிக்குள்ள நீ உம்மாக்குச் சொன்ன எனக்குக் கேட்டிச்சு. என்ட தொண்டைதான் பெரிசு. காது நல்லாக் கேக்கும்.”

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துவாயால் காலைத் துடைத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். எனக்கு அந்தக் கிணற்றுக்குள் இறங்கிவிடலாமா என்றிருந்தது. என்னைப் பெற்று வளர்த்த மனிதனைப் பார்த்து நான் வெட்கப்பட்டிருக்கிறேன், அது அவருக்குத் தெரியும்.

மன்னிப்புக் கேட்க மூன்று நாள் இருந்தது. நான் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்குக் கேட்கலாம் என்று விட்டேன்.

மற்ற வெள்ளிக்கிழமை

மேசை கதிரை எல்லாம் போய்விட்டன. பாய் விரித்தோம். சஹன் வைத்தோம். மருதமுனையில் இருந்து இந்த முறை ஏழு பேர் வந்தார்கள். கச்சேரி மாமாவும் சாரத்தோடு வந்து சம்மணம் கட்டியிருந்தார்.

நானும் உம்மாவும் பழையபடி கதவுச் சீலைக்குப் பின்னால். கலியாணம் பேசுகிற இடத்தில் பெண்ணின் நிழலும் வெளியே விழக் கூடாது, குரலும் கேட்கக் கூடாது. அது எந்த அகராதியையும் பாராமல் எல்லாருக்கும் தெரிந்த சட்டம்.

வாப்பா சோற்றை அள்ளி வைத்தார். ஹாஜியார் கையால் மறைத்தார். எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனால் என் வாப்பா, “தின்னுங்க ஹாஜியார், இன்னும் கொஞ்சம் தின்னுங்க” என்று சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவ்வளவு மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் கதவுச் சீலைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

மருதமுனையையே நடுங்க வைத்துவிட்டு வந்த மனிதர் அவர். தன் சொந்த வீட்டில், நான் நிற்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்துக் குரலை இறக்கிக்கொண்டிருந்தார்.

உம்மா என் கையைப் பிடிப்பதற்குள் என் வாய் திறந்துவிட்டது.

“வாப்பா! சத்தமாச் சொல்லுங்க! எனக்குக் கேக்கல்ல!”

ஹோலுக்குள் எல்லாக் கைகளும் சோற்றில் அப்படியே நின்றன. கச்சேரி மாமாவுக்குப் புரையேறியது. உம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். கலியாணப் பெண் ஏழு ஆம்பிளைகளுக்கு முன்னால் கத்தியிருக்கிறாள். சம்பந்தம் இந்த முறை என்னால் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். போனாலும் பரவாயில்லை என்றிருந்தது.

“இது போடியார்ர புள்ளதான்!” என்றார் ஹாஜியார். அவர் சிரிக்கத் தொடங்க, மற்றவர்களும் சிரித்தார்கள்.

வாப்பா சிரிக்கவில்லை. சீலைப் பக்கம் திரும்பினார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“ஹாஜியார்! கைய எடுங்க! தின்னுங்க! வயிறு நிறையத் தின்னுங்க!” என்று போட்டார் ஒரு சத்தம். தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

“இப்ப கேட்டிச்சா மகள்?” என்றார்.

“ஓம் வாப்பா” என்றேன்.